காதுக்குச் செய்த சடங்கு

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. என் வீட்டுக்காரரின் தங்கை கண்ணை மூடியபோது விட்டுப்போன இரண்டு பிள்ளைகளும் என் பிள்ளைகளோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். ஏழு பேரில் ஒருவர்கூட இன்றுவரை யார் முன்னாலும் கை நீட்டி நின்றதில்லை. நான் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பு. என் பெயரைப் போடுவேன். தம்போய் போகிற பஸ்ஸை அதன் முகப்பில் உள்ள எழுத்தின் உருவத்தை வைத்துக் கண்டுபிடிப்பேன். அதற்கு மேல் எனக்கு எழுத்து தேவைப்பட்டதில்லை. இப்போது தேவைப்படுகிறது, அதற்குப் பேத்தி இருக்கிறாள். நான் சொல்லச் சொல்ல அவள் போனில் தட்டுகிறாள். நான் சொல்வதைப் புத்தகத் தமிழில் எழுது, மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசியபடியே விட்டுவிடு என்று சொல்லியிருக்கிறேன்.

இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது காது டாக்டரைப் பார்க்கப் போன அன்றுதான். என் இடது காது ஒரு மாதமாக அரித்துக்கொண்டே இருந்தது. உள்ளே யாரோ கோணிப்பையைத் திணித்ததுபோல் அடைப்பு வேறு. பேத்தி காரில் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் நம் தமிழ்ப் பெண்தான், சின்ன வயது. என் காதுக்குள் குழாய் மாதிரி ஒன்றைவிட்டு, உள்ளே இருப்பதைப் பக்கத்திலிருந்த டிவியில் காட்டினாள். நனைந்த காகிதம்போல் வெள்ளையாக ஏதோ அடைத்துக் கிடந்தது. அதன்மேல் எள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள்.

“பாட்டி, இது கூலாட், காளான் மாதிரி. நல்லா வளர்ந்திருக்கு. உள்ள ஜவ்வுல ஓட்டையும் இருக்கு. இந்த ஓட்டை ரொம்ப நாளா இருக்கா?”

“உங்கம்மா பொறக்கறதுக்கு முன்னாலருந்து இருக்கு டாக்டரம்மா.”

அவள் சிரித்துக்கொண்டே மெல்லிய குழாயால் அந்த அழுக்கை உறிஞ்சி எடுத்தாள். காதுக்குள் மழை பெய்கிற சத்தம் கேட்டது. ஓட்டை இருக்கிற காதில் கடையில் விற்கிற மருந்தை எல்லாம் ஊற்றக் கூடாது, ஓட்டை வழியாக உள்ளே இறங்கினால் இருக்கிற கேட்கும் சக்தியும் போய்விடும் என்றாள். ஓட்டைக்கு ஆகாத சரக்கு எதுவும் கலக்காத சொட்டு மருந்தாகப் பார்த்து எழுதிக்கொடுத்தாள். வாரம் ஒருமுறை வந்து சுத்தம் செய்துகொள்ள வேண்டும், குளிக்கும்போது வேஸ்லின் தடவிய பஞ்சு வைக்க வேண்டும், எண்ணெய் கூடவே கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, “அப்ப பூத்திருக்குன்னு சொல்லுங்க,” என்றேன். டாக்டருக்கு அது விளங்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேத்தி விடவில்லை. “சொல்லுங்க லா பாட்டி, என்னா பூத்துச்சு?”

என் சின்ன வயதில் நாங்கள் காஹாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். இன்று போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் எண்ணெய் எடுக்கிற செம்பனைதான் நிற்கும். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். எனக்குப் பத்து முடிந்து பதினொன்று நடந்தது. குழந்தையாக இருக்கும்போது அம்மை போட்டதிலிருந்து இடது காதில் அவ்வப்போது சீழ் வடியும். அதற்கு அம்மாவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். சனிக்கிழமை சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்கும்போது, பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயை வெதுவெதுப்பாகக் காதில் விட்டுப் பஞ்சை அடைத்துவிடுவார். எண்ணெய் தொண்டைக்கு வருகிறது, பூண்டு கசக்கிறது என்று நான் சொல்வேன். காதில் விட்டது வாய்க்கு எப்படி வரும், தலைமுழுகப் பயந்துகொண்டு பொய் சொல்கிறாய் என்று முதுகில் ஒன்று கிடைக்கும்.

அந்த வருடம் காது முன்பு எப்போதும் இல்லாதபடி அரித்தது. கோழி இறகு, ஈர்க்குச்சி, கொண்டை ஊசி எல்லாவற்றையும் விட்டுப் பார்த்தேன். ஒருநாள் விடிந்தபோது அந்தக் காது சுத்தமாகக் கேட்கவில்லை. அம்மா வேலைக்குப் போகாமல் என்னைத் தோட்டத்து லாரியில் ஏற்றி மேல் டிவிஷனில் இருந்த மருந்துக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். தோட்டத்து வீட்டு வரிசையை லயம் என்போம். எதிர் லயத்து அக்காவும் காய்ச்சல்காரப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடவே வந்தாள். அவள் வீட்டுக்காரர்தான் அந்த லாரிக்கு டிரைவர்.

அங்கே வைத்தியம் பார்க்கிற டிரெசர் வயதானவர். எல்லாரையும் கிண்டல் செய்வார், ஆனால் கை பஞ்சு மாதிரி இருக்கும். என் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஸ்பிரிட் கலந்த மருந்தில் ஒரு சொட்டுத்தான் விட்டிருப்பார். நான் போட்ட கூச்சலில் வாசலில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். காது எரிந்தது மட்டுமில்லை, தொண்டைக்குள்ளும் தீ வைத்ததுபோல் இருந்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமினேன். டிரெசர் புட்டியை மூடி ஒதுக்கி வைத்தார்.

“காதுல விட்டது தொண்டைக்கு வருதுன்னா, நடுவுல கதவு இல்லேன்னு அர்த்தம். இந்த மருந்து இவளுக்கு ஆகாது. ஏம்மா, எண்ணெய் ஊத்துவியா?”

அம்மா தலையை ஆட்டினார்.

“ஊத்தி ஊத்தி நல்லா பூக்க வெச்சிருக்கே. பாரு, எப்படிப் பூத்திருக்கு.”

ஈர மழைக்காலத்தில் செருப்பிலும் பழைய ரொட்டியிலும் பூஞ்சணம் பூக்குமே, அந்தப் பூ. என் காதுக்குள் அதுதான் பூத்திருந்தது. குச்சியில் பஞ்சைச் சுற்றி அவர் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து எடுத்தார். எடுக்க எடுக்க அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. தன் கையால் ஊற்றிய எண்ணெயில் வளர்ந்தது அது என்று தெரிந்தால் கொட்டாமல் என்ன செய்யும்? ஆனால் வாசலில் நின்ற அக்கா பார்த்தது வேறு. உள்ளே ஒரு வளர்ந்த பெண் கத்துகிறாள், டிரெசர் பூத்திருக்கிறது என்கிறார், பெற்றவள் அழுகிறாள். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை ஆளாவதையும் பூத்துவிட்டாள் என்றுதான் சொல்வார்கள்.

திரும்பி வரும்போது லாரியின் பின்னால் அக்கா அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். நான் நல்ல காதுப் பக்கமாக இருந்ததால் எனக்கும் கேட்டது.

“என்னா புள்ள, பூத்திருச்சாமே?”

அம்மா மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு, “ஆமாக்கா, பூத்திருச்சு,” என்றார். இன்னும் சிறிது தூரம் போனதும், “அண்ணன் குளுவாங் ரயிலடிக்கு ரப்பர் ஏத்திட்டுப் போவாருல்ல? பெக்கோக் ஆளுங்க யாராச்சும் கண்ணுல பட்டா, என் தம்பிக்கும் ஒரு வார்த்தை சொல்லி விடச் சொல்லுங்க,” என்றார்.

காது அடைத்ததற்கு மாமாவுக்கு ஏன் சொல்லி அனுப்ப வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் மாமா வருவார் என்றதும் எரிச்சல்கூட மறந்துபோனது.

மாமாவைப் பற்றிச் சொல்லாமல் இது விளங்காது. அம்மாவின் ஒரே தம்பி அவர். பாட்டி சீக்கிரம் போய்விட்டதால் அம்மாதான் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தார். எங்களோடுதான் இருந்தார். என்னைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு லயத்தைச் சுற்றிவருவார். எந்தப் பக்கம் காது கேட்கும் என்று கேட்டுவிட்டு வேண்டுமென்றே கேட்காத பக்கம் வந்து ரகசியம் சொல்வார், பிறகு சொன்னதைத் திருப்பிச் சொல் என்பார். வேலை தேடிப் பெக்கோக் பக்கம் போன இடத்தில் ஒரு வேதக்காரப் பெண்ணைப் பிடித்துப்போய், மாதா கோயிலில் தலையில் தண்ணீர் வாங்கிக்கொண்டு அவளையே கட்டிக்கொண்டார். முனியாண்டி சாமிக்கு வருடா வருடம் கிடா வெட்டுகிறவர் அப்பா. இனி உன் தம்பி இந்த வாசப்படியை மிதிக்கக் கூடாது, மிதித்தால் நான் இங்கே இல்லை என்று சாமி முன்னாலேயே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பெயரை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. தீபாவளிக்குப் பலகாரம் சுடும்போது அம்மா கொஞ்சம் தனியாக எடுத்துவைப்பார். அது அப்படியே இருந்து நாற்றம் எடுக்கும். பிறகு கோழிக்குப் போடுவார்.

ஆனால் பெண் ஆளானால் கதை வேறு. பச்சை ஓலையில் குடிசை கட்டுவது தாய்மாமன். முதல் சேலை எடுத்துவருவதும் தாய்மாமன். மாமன் இல்லாமல் சடங்கு இல்லை. அதை எந்த அப்பாவும் தடுக்க முடியாது. தடுத்தால் ஊர் சிரிக்கும்.

இதெல்லாம் தெரியாமல் நான் தினமும் காதைச் சுத்தம் செய்துகொள்ளப் போனேன். மாலையில் அப்பா சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து மேல் டிவிஷனுக்கு மிதிப்பார். டிரெசர் பஞ்சால் துடைப்பார், அப்பா டார்ச் பிடிப்பார். ஊதா மருந்தைச் சொட்டுவிடாமல், பஞ்சு நுனியில் தொட்டுக் காதின் சுவரில் மட்டும் தடவுவார் டிரெசர். தண்ணீர் ஒரு சொட்டுப் போனாலும் மறுபடி பூக்கும், தலைக்கு ஊற்றாதீர்கள் என்று அப்பாவிடம் ஒவ்வொரு நாளும் சொல்வார். என் காது மடல் முழுக்க ஊதாவாகிவிட, லயத்துப் பையன்கள் கத்தரிக்காய் என்று கூப்பிட்டார்கள். லயத்துப் பெண்களோ என்னைக் கண்டால் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டுக்கொண்டார்கள். காது வலிக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். பெக்கோக்கில் ரயிலேறிக் குளுவாங்கில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். தலையில் ஒரு கட்டுப் பச்சைத் தென்னை ஓலை. எங்கள் தோட்டத்தில் தென்னையே இல்லாததுபோல் அங்கிருந்தே வெட்டிக்கொண்டு வந்திருந்தார். இங்கே வெட்டவிட மாட்டார்கள் என்ற பயமாக இருக்கும். பின்னால் மாமி, கையில் தட்டு. தட்டில் சேலை, வளையல், பழம், பூ. மாமி வாசலுக்கு வராமல் ரம்புத்தான் மரத்தடியிலேயே நின்றுகொண்டாள்.

அம்மா ஓடிப்போய் மாமாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “இளைச்சிட்டேக்கா,” என்றார் மாமா. அதற்குள் லயமே கூடிவிட்டது.

மாமா என்னைப் பார்த்து, “என்னா பெரிய மனுஷி,” என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. காது சரியில்லாத பிள்ளைக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. “காதைப் பாருங்க மாமா, காதுக்குள்ளதான் பூத்துச்சு. டிரெசர் தெனம் எடுத்துவிடறாரு,” என்று லயம் முழுவதும் கேட்கச் சொன்னேன்.

எதிர் லயத்து அக்காதான் முதலில் வாய் திறந்தாள்.

“அடியே, ஊரு பூரா சொல்லிட்டு வந்தேனே. என் காதுல பூ சுத்திட்டியே?”

“நீங்க பூத்துச்சான்னு கேட்டீங்க, பூத்துச்சுன்னேன். எங்கேன்னு நீங்க கேக்கலயே,” என்றார் அம்மா. குரலில் தெம்பு இருந்தது, ஆனால் கையால் மாமாவின் சட்டையை இறுகப் பிடித்திருந்தார்.

பெண்கள் சிரித்துவிட்டார்கள். மாமா சிரிக்கவில்லை. தலையில் இருந்த ஓலைக்கட்டை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். சடங்கு இல்லை என்றால் அவருக்கு அந்த வாசலில் நிற்க வேலையில்லை. அந்த நேரம் பார்த்து அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கூட்டம் விலகியது. மாமி மரத்துக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். அம்மா மாமாவின் சட்டையை விடவில்லை.

அப்பா சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். யாரையும் பார்க்காமல் திண்டில் என் இடது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார்.

“என்னாப்பா?” என்றேன்.

மறுபடி முணுமுணுத்தார்.

“என்னா? கேக்கல.”

“ஒங்க மாமாவ அந்த ஓலைய எறக்கச் சொல்லு,” என்றார், கொஞ்சம் உரக்க. மாமா என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

“மாமாவ என்னா செய்யச் சொல்லணும்?”

“கழுத்து ஒடியப்போவுது மச்சான், எறக்கி வெச்சிட்டுக் குடிசையக் கட்டு,” என்று அப்பா நேராக மாமாவைப் பார்த்தே கத்தினார். “அந்தப் புள்ளைய எதுக்கு மரத்தடியில நிக்க வெச்சிருக்கே? உள்ள வரச் சொல்லு.”

கத்தியதும் அவருக்கே கூச்சமாகிவிட்டது. எழுந்துபோய் முகம் கழுவினார். மாமா ஓலையை இறக்கினார், அப்படியே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

குடிசை கட்டி முடித்ததும் என்னை அந்தச் சேலையில் பொட்டலம்போல் சுற்றி உள்ளே உட்காரவைத்தார்கள். வந்தது வந்துவிட்டோம், மஞ்சள் தண்ணீரும் ஊற்றிவிடலாம் என்று பெண்கள் சொம்போடு கிளம்பினார்கள். அப்பா குறுக்கே வந்தார். “தலைக்கு ஊத்தக் கூடாது, டிரெசர் சொல்லியிருக்காரு. காலுல ஊத்துங்க.” அதனால் எனக்குக் காலில் மட்டும் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். மாமாவும் அப்பாவும் வாசலில் ஒரே இலைச்சோற்றுக் கட்டைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். மாமா போகும்போது என் இடது பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். பாதி கேட்டது. காது திறக்க ஆரம்பித்திருந்தது. கேட்காததுபோல் நடித்து, இன்னொரு முறை சொல்லவைத்தேன். அடுத்த தீபாவளிக்கு வருகிறேன் என்றார். வந்தார், அதற்கு அடுத்ததற்கும் வந்தார்.

அப்பா ஏன் அன்று அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார் என்று பல வருடம் நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. தினமும் டார்ச் பிடித்தவருக்கு எது கேட்காத காது என்று தெரியாதா?

காதில் பூத்தது போய்விட்டது. ஓட்டை மூடவில்லை. நான் நிஜமாகவே ஆளானபோது மாமா இல்லை. அதற்கு முந்தின மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் இருக்கிறார், அவரைக் குடிசை கட்டச் சொல்லலாம் என்று பெரியவர்கள் பேசினார்கள். அம்மா சம்மதிக்கவில்லை.

“இவளுக்கு மாமன் கட்டிட்டான். ஒரு பொண்ணுக்கு ரெண்டு தடவையா கட்டுவாங்க? தலைக்குத் தண்ணி மட்டும்தான் பாக்கி.”

எனக்குக் கோபமான கோபம். தோழிகளுக்கெல்லாம் குடிசை, பந்தல், மேளம். எனக்கு மட்டும் வெறும் வாசலில் ஒரு பலகை, காதில் வேஸ்லின் பஞ்சு. அம்மாவுக்கு என்மேல் ஆசையில்லை என்று அழுதேன். மாமி பெக்கோக்கிலிருந்து வெள்ளைச் சேலையில் வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தாள். அம்மா எல்லாரையும் தாண்டிப்போய் அவள் கையில் மஞ்சள் தண்ணீர்ச் சொம்பைக் கொடுத்தார். பெண்களுக்குள் சலசலப்பு எழுந்தது. அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். மாமி என் தலையில் ஊற்றினாள். பாதித் தண்ணீர் தோளில் விழுந்தது. அம்மா அவள் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் எதற்காக அழுகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் குளிராக இருக்கிறது, சீக்கிரம் ஊற்றுங்கள் என்று அதட்டினேன்.

தட்டியது போதும், இதோடு நிறுத்திக்கொள். நான் சொன்னதைத்தான் எழுதினாயா, நீயாக ஏதாவது சேர்த்தாயா என்று தெரிய வேண்டும். அந்தக் காதில் இன்னும் மருந்து இருக்கிறது, இந்தப் பக்கமாக வந்து உட்கார். எங்கே, முதலிலிருந்து ஒருமுறை வாசித்துக் காட்டு. மெதுவாக வாசி, எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.